முள்ளும் முத்தும்

பட்டிப்பொல புகையிரத நிலையப் பலகையில் 6,226 அடி என்று பொறித்திருக்கிறது. இலங்கை நிலையங்களுள் இதுவே மிக உயரமானது. இம்மலையுச்சியில் இருந்துகொண்டு கடற்சிப்பியைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். காரணம், என் விரலில் தைத்த ஒரு முள்.

மரக்கறிப் பாத்தியின் வேலியைச் சீர்செய்கையில் தைத்தது. மறுநாள் விரல் சிவந்து, வீங்கிக் கனன்றது. “அழற்சி, உள்ளே போர் நடக்கிறது, தம்பி” என்றார் தோட்டத்து டாக்டர் ஐயா.

அப்போரின் வீரரை ஆய்வாளர் தெளிவாகக் கண்டது கடலுயிர்களிடத்தில்தான். ஓடில்லாத ஒரு கடல் நத்தையின் உடலில் அவுரி நீலத்தைச் செலுத்திய ஜெர்மானியர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல், குருதிக் கலங்கள் நீலத்துகளை விழுங்கியிருக்கக் கண்டு, 1862இல் நூலில் எழுதினார். அவரே 1882இல் எங்கள் தலைக்கு மேலுள்ள ஹோர்ட்டன் சமவெளிக்கு வந்து, உலக முடிவையும் பார்த்துச் சென்றார். அதே ஆண்டு மெசீனாக் கரையில் இலியா மெச்னிகோவ், பளிங்குபோன்ற நட்சத்திரமீன் குஞ்சினுள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். விடிந்ததும் பார்த்தால், கலங்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன! 1908இல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

இன்று சிப்பியின் தசையிலிருந்து ஊசியால் குருதிநீரை எடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழ்க் கலங்களை எண்ணுகிறார்கள். எத்தனை கலங்கள் அந்நியத் துகளை விழுங்கின என்று கணக்கிடுகிறார்கள். செஞ்சாயம் ஒன்றை ஊட்டி, கலம் அதை எத்தனை நிமிடம் கசியவிடாமல் காக்கிறது என்றும் அளக்கிறார்கள். விரைவில் கசிந்தால் சிப்பி நலிந்திருக்கிறது; அது வாழும் நீரிலும் நஞ்சு கலந்திருக்கலாம்.

மன்னார் முத்தும் இத்தகைய தற்காப்பின் விளைவே. உட்புகுந்த புழுவையோ துகளையோ வெளியேற்ற இயலாத சிப்பி, அதைப் படலம் படலமாகப் போர்த்துகிறது. 1902இல் ஹெர்ட்மன் என்னும் அறிஞர் இங்கிலாந்திலிருந்து வந்து, ஹோர்னெல் துணையுடன் அச்சிப்பிப் பார்களை ஆராய்ந்தார்.

அதே மன்னார்க் கரையில்தான் எங்கள் முன்னோர் தோணியிலிருந்து இறங்கினர். முள்ளும் கல்லும் தைத்த கால்களோடு காட்டுவழியே இம்மலைகளுக்கு நடந்தனர். வழியில் மாண்டவர் பலர். சிப்பியின் புண்ணை ஆராய அரசு அறிஞரை அழைத்தது. அந்தக் கால்களின் புண்ணை அளக்க எந்த நுணுக்குக்காட்டி வந்தது?

விரல் ஆறிவிட்டது. தழும்பை மட்டும் தடவிப் பார்க்கிறேன்.