இருக்கிறார், இல்லை, தெரியாது: ஒரு பழைய கணினி மொழியும் காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியல்களும்

காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் பெயர் இலங்கையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பதியப்பட்டிருப்பது அபூர்வம். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, காணாமல்போனோர் அலுவலகம் என ஒவ்வொரு வாசலிலும் தாய்மார் அதே விபரத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சொன்னதெல்லாம் முதலில் படிவத்தின் கட்டங்களுக்குள்ளும் பிறகு கணினியின் கட்டங்களுக்குள்ளும் போனது. அந்தக் கட்டங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை விளக்க விசுவல் பொக்ஸ்புரோ என்ற பழைய மொழியை எடுத்துக்கொள்கிறேன். மேற்சொன்ன அலுவலகங்கள் இதைத்தான் பயன்படுத்தின என்பதற்காக அல்ல. விளங்கிக்கொள்ள இலகுவானது என்பதற்காகவே.

பொக்ஸ்புரோ என்றால் என்ன?

தொண்ணூறுகளில் கணினி வகுப்புக்குப் போனவர்களுக்கு டிபேஸ், பொக்ஸ்புரோ என்ற பெயர்கள் ஞாபகம் இருக்கும். சம்பளப் பட்டியல், களஞ்சிய இருப்பு, கடன் கணக்கு போன்ற தரவுத்தளங்களை உருவாக்கவே பிறந்த மொழிகள் இவை. பொக்ஸ்புரோவை உருவாக்கிய அமெரிக்க நிறுவனத்தை 1992 இல் மைக்ரோசொப்ட் வாங்கியது. 1995 இல் விசுவல் பொக்ஸ்புரோ வந்தது. கடைசிப் பதிப்பான ஒன்பதாவது பதிப்பு 2004 இல் வெளியானது. இனிப் புதிய பதிப்பு இல்லை என்று 2007 இல் அறிவித்த மைக்ரோசொப்ட், 2015 ஜனவரியில் ஆதரவையும் நிறுத்தியது.

ஆனாலும் அது முற்றாக மறையவில்லை. நான் இருக்கும் பேலியகொடையில் ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்தில் இன்றும் பழைய கணினியொன்றில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்கு சரியாக வருகிறது, ஏன் மாற்றவேண்டும் என்கிறார் முதலாளி.

1995 இல் வந்த முக்கிய மாற்றம், அது பொருள்நோக்குச் செய்நிரல் மொழியானது. பேலியகொடை மீன் சந்தையை உதாரணமாக எடுப்போம். மன்னாரிலிருந்து ஒரு லொறி வருகிறது. 'லொறி வரவு' என்று ஓர் அச்சை முதலில் வரையறுக்கிறோம். எங்கிருந்து, எத்தனை பெட்டி, என்ன மீன், யாருக்கு என்பவை அதன் பண்புகள். விலை போடுவது, பற்றுச்சீட்டு அடிப்பது அதன் செயல்கள். பிறகு வரும் ஒவ்வொரு லொறியும் அந்த அச்சில் வார்த்த ஒரு 'பொருள்'. அச்சில் இல்லாத பண்பைப் பதிய அந்தப் பொருளில் இடம் இருக்காது.

லொறிக்குப் பதிலாக 'நபர்' என்று அச்சு வரைந்தால் என்ன நடக்கும்?

மூன்றாவது பதில்

பழைய பொக்ஸ்புரோவில் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கட்டத்துக்கு இரண்டே பெறுமானங்கள்தான். நிரப்பாமல் விட்டால் மொழி அதை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். 'உயிருடன் உள்ளாரா?' என்ற கட்டத்தை வெறுமையாக விட்ட ஒரு தாயின் மகன், கணினியின் கணக்கில் உயிருடன் இல்லை.

விசுவல் பொக்ஸ்புரோ இதற்கு மூன்றாவது பெறுமானம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'நல்'. ஆமும் அல்ல, இல்லையும் அல்ல, தெரியாது என்பது அதன் அர்த்தம். நல் உள்ள கட்டத்தை எதனுடன் ஒப்பிட்டாலும் விடை நல்தான். தெரியாததைத் தெரிந்ததாக அது காட்டாது.

எங்கள் சட்டமும் இதே பாதையில்தான் வந்தது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற வழிசெய்தது. காணி, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் அலுவல்கள் எதற்கும் ஒரு பத்திரம் தேவைப்பட்டது. கிடைத்த ஒரே பத்திரமோ பிள்ளை செத்துவிட்டான் என்று தாயே ஒப்புக்கொள்வது. பலர் மறுத்தார்கள். 2016 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, காணக்கிடைக்காமைச் சான்றிதழ் அறிமுகமானது. மரணம் என்று எழுதாமலே இந்த அலுவல்களைப் பார்க்க அது உதவுகிறது. சட்டத்தில் வந்த 'நல்' அது. நீதியோ உண்மையோ அதனால் கிடைத்துவிடவில்லை. பொய்யொன்றில் கையெழுத்து வைக்கவேண்டிய கட்டாயம் மட்டும் நீங்கியது.

கணேசன் யார்?

அடுத்த சிக்கல் பெயர். 'கணேசன்' என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் 'ஜி' யில் தொடங்குவார், யாழ்ப்பாணத்தில் பலர் 'கே' யில் தொடங்குவார்கள். உச்சரிப்பு ஒத்த பெயர்களைத் தேட பொக்ஸ்புரோவில் 'சவுண்டெக்ஸ்' என்ற வசதி உண்டு. ஆனால் அது ஆங்கிலப் பெயர்களுக்காக உருவானது. முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மீதியை இலக்கங்களாக்கும். எனவே இரண்டு கணேசன்களும் அதற்கு வேறு வேறு ஆட்கள். ஒருவரே இரண்டு பேராக எண்ணப்படலாம். ஒரு பட்டியலில் உள்ளவரை இன்னொன்றில் தேடினால் கிடைக்காமலும் போகலாம்.

தமிழில் பதிந்தாலும் பிரச்சினை தீராது. விசுவல் பொக்ஸ்புரோவுக்கு யுனிகோட் தெரியாது. அக்காலத்தில் பாமினி எழுத்துருவில் அடித்த பெயர், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

பட்டியல் யார் கையில்?

கொழும்புத் தமிழருக்குப் பதிவு என்ற சொல்லே பயம் தருவது. 2007 ஜூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட இடங்களின் விடுதிகளிலிருந்து தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. 2008 செப்டெம்பரில் வடக்கிலிருந்து வந்து மேல் மாகாணத்தில் இருந்தவர்கள் பொலிஸில் பதியுமாறு பணிக்கப்பட்டார்கள்.

இதே கொழும்பில்தான் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தன்னார்வ மென்பொறியாளர்கள் 'சஹன' என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோரைப் பதிந்து தேடும் பகுதி அதில் உண்டு. நிரல் திறந்தது என்பதால் அச்சு எப்படி வரையப்பட்டது என்பதை யாரும் பார்க்கலாம். பின்னர் அது பைதன் என்ற பொருள்நோக்கு மொழியில் புதிதாக எழுதப்பட்டு, வெளிநாட்டு அனர்த்தங்களிலும் பயன்பட்டது.

குடும்பங்கள் செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு. முறைப்பாட்டு இலக்கத்தையும் படிவத்தின் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி இரண்டையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கொடுங்கள். பெயரைவிட அவை நம்பகமாகப் பொருந்தும். பெயரின் எல்லா ஆங்கில எழுத்துமுறைகளையும் எழுதிக் கொடுங்கள். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடாமல் 'தெரியாது' என்று எழுதுங்கள். உங்கள் பிள்ளையின் நிலை பதிவில் எப்படிக் குறிக்கப்பட்டுள்ளது என்று அலுவலகத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும் என்பது சட்டம்.