மஞ்சள் பாலை வடிய விட்டீர்களா?

போன சித்திரை வெயிலில் என் சின்ன மகளுக்குக் கழுத்து, முதுகு எல்லாம் வேர்க்குரு. கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன் என்று, திருஷ்டிக்காக வாசலில் தொங்க விட்டிருந்த சோற்றுக்கற்றாழையில் ஒரு மடலை ஒடித்து அப்படியே தேய்த்து விட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, "எரியுதும்மா"ன்னு ஒரே அழுகை.

மாமியார் ஓடி வந்து, பச்சைத் தண்ணீரில் கழுவி விட்டபடியே, "மஞ்சப் பாலை வடிய விட்டியாம்மா?" என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது! மடலை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து கசப்பாக ஒரு மஞ்சள் பால் கசியும். எரிச்சல் அதனால்தான். குளிர்ச்சி தருவது உள்ளே இருக்கும் சோறு.

மறுநாள் அவரே செய்து காட்டினார். மடலை வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் அரைமணி நேரம் நிறுத்தி வைத்தார். பிறகு இரண்டு ஓரத்து முள்ளையும் தோலையும் சீவி எடுத்து, சோற்றை மட்டும் தண்ணீர் மாற்றி மாற்றி அலசினார். ஏழு தண்ணி என்பது அவர் கணக்கு. கசப்பு போனால் சரி என்பது என் கணக்கு. முதலில் முழங்கை மடிப்பில் துளி தடவி ஒரு நாள் பார்த்தோம். ஒன்றும் செய்யவில்லை. அப்புறம்தான் முதுகில் தடவினோம். பிள்ளை நிம்மதியாகத் தூங்கினாள். சொறிந்து புண்ணாகி, நீர் வடியும் இடத்தில் மட்டும் தடவவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆடியில் பெரியவனுக்கு விரல் இடுக்கில் அரிப்பு, ராத்திரியானால் தாங்க முடியாது. நான்தான் கைதேர்ந்த வைத்தியச்சி ஆகிவிட்டேனே! பத்து நாள் கற்றாழையே தடவினேன். தடவினால் அடங்கும், விடிவதற்குள் மறுபடியும் சொறிவான். அதற்குள் எனக்கும் அவருக்கும் ஒட்டிக் கொண்டது.

டாக்டரம்மா பார்த்ததுமே, "இது சிரங்கு. தோலுக்குள் சின்னப் பூச்சி புகுந்திருக்கிறது" என்றார். வீட்டில் அரிப்பு இல்லாதவர்களும் சேர்ந்து, ஒரே இரவில் கழுத்திலிருந்து பாதம் வரை களிம்பு தடவ வேண்டுமாம். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. துணி, போர்வை எல்லாம் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடச் சொன்னார்.

"எனக்கென்ன வந்தது, நான் தடவ மாட்டேன்" என்று அடம் பிடித்தவர் மாமியார்தான். அவரைச் சம்மதிக்க வைக்கத்தான் பெரும் பாடாகி விட்டது!

- ஒரு வாசகி, விருதுநகர்.