தாய்க் குதிரைக்கும் குட்டிக்கும் எந்த மூட்டை?



"கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளுமாம் குதிரை!" வேலைக்குச் சோம்பல் படுபவர்களை நம் பாட்டிமார் இப்படித்தான் திட்டுவார்கள். அன்றைய கலந்துரையாடலை நானும் இந்தப் பழமொழியோடுதான் தொடங்கினேன். அரங்கத்தில் நல்ல சிரிப்பு. பத்து நிமிடத்தில் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. வாயைத் திறந்த குதிரைக்குத் தாம் எதைப் போட்டோம், அதனால் என்ன ஆனது என்று எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த ஓர் அக்கா சொல்ல ஆரம்பித்ததுதான் காரணம்.

அன்றைக்கு மேடையில் மூன்று பேர். ஒருவர் கால்நடை மருத்துவர். இன்னொருவர் பந்தயக் குதிரை லாயத்தில் நாற்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர். மூன்றாமவர் பேராக்கிலிருந்து வந்திருந்த அந்த அக்கா. நானோ வெகுசனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள். ஒலிவாங்கியைப் பிடிக்கத் தெரியும், குதிரையைப் பிடிக்கத் தெரியாது. அதனால் புரியாததை எல்லாம் கூச்சமில்லாமல் கேட்டேன். நேரம் போதாமல் தொலைக்காட்சியில் விடுபட்டவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

நம் நாட்டுப் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வளர்ந்த குதிரைகளாகவே வருகின்றன. குட்டி போட வைத்து வளர்ப்பவர்கள் இங்கே குறைவு. அதனால்தான் லாயத்துக்காரர்களுக்குக்கூட ஓடும் குதிரையின் தீவனம் தெரிந்த அளவுக்குச் சினைக் குதிரையின் தீவனம் தெரிவதில்லை. சிங்கப்பூர் கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. பந்தயத்தை விட்ட பெட்டைக் குதிரையை வாங்கிச் சவாரிக்கு வைத்துக்கொண்டு, பிறகு ஒரு குட்டி எடுக்கலாமே என்று ஆசைப்படுபவர்கள் உண்டு. அந்த அக்காவும் அப்படி ஆசைப்பட்டவர்தான்.

தவிடு செய்த வேலை

அக்கா தம் குதிரைக்குக் குறை வைக்கவில்லை. காலையும் மாலையும் வெட்டிய நேப்பியர் புல், செத்தாரியா புல். அதோடு அரிசித் தவிடு இரண்டு பெரிய மைலோ டின். வயிற்றில் குட்டி இருக்கிறதே என்று கடைசி மாதங்களில் தவிட்டை இன்னும் ஒரு டின் கூட்டினார். குட்டி நல்லபடியாகப் பிறந்தது. குட்டிக்கு நான்கு மாதம் ஆனபோது தாய் நொண்டியது. இன்றைக்கு முன்னங்கால், நாளைக்குப் பின்னங்கால். லாடம் அடிப்பவரை இரண்டு முறை வரவழைத்தார். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒருநாள் முகத்தைத் தடவிக் கொடுக்கும்போது கன்னத்தெலும்பு இரண்டு பக்கமும் புடைத்திருப்பது கைக்குத் தட்டுப்பட்டது.

"இதைத்தான் பெரிய தலை நோய் என்கிறோம்" என்றார் மருத்துவர். வெப்ப நாடுகளின் புல் சிலவற்றில் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். செத்தாரியாவில் மிக அதிகம். நேப்பியர், பங்கோலா போன்றவற்றிலும் உண்டு. இந்த ஆக்சலேட், குடலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலுக்குள் போகவிடாமல் செய்துவிடும். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் இதயமும் தசையும் இயங்காது. ஆகவே உடம்பு தன் எலும்பையே கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கிறது. கரைந்த இடத்தில் எலும்புக்குப் பதிலாக நார் வளர்கிறது. முகம் புடைப்பது அதனால்தான். இரத்தத்தைச் சோதித்தால் பல நேரங்களில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே காட்டும். எலும்பு கடன் கொடுத்துக்கொண்டு இருக்கிறதே!

தவிடு இந்த நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறது. அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ், சுண்ணாம்புச் சத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். குதிரைக்கு இது தலைகீழாக இருக்க வேண்டும். ஒரு பங்கு பாஸ்பரசுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு சுண்ணாம்புச் சத்து என்பதுதான் நல்ல கணக்கு. குளிர் நாட்டுப் புல்லில் வளரும் குதிரைக்குக் கொஞ்சம் தவிடு போட்டால் ஒன்றும் ஆகாது. நம் புல்லும் நம் தவிடும் சேர்ந்து, அதோடு தாய் பாலும் கொடுத்தால்தான் வினை.

"மாட்டுக்கு இதே புல்லைத்தானே போடுகிறோம் டாக்டர்?" என்று கேட்டேன். மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டின் பெரும் பகுதியைச் சிதைத்துவிடுமாம். குதிரைக்கு அந்த வசதி இல்லை.

எந்த மாதத்தில் எவ்வளவு?

குதிரை ஏறக்குறைய 11 மாதம் சுமக்கிறது. நான் என் மூத்த மகனைச் சுமந்தபோது, "இரண்டு உயிருக்குச் சாப்பிடும்மா" என்று மாமியார் முதல் மாதத்திலிருந்தே தட்டை நிரப்பினார். குதிரைக்கு அந்தக் கணக்கு சரிவராது. முதல் நான்கைந்து மாதங்களில், பால் குடிக்கும் குட்டி பக்கத்தில் இல்லாவிட்டால், சும்மா நிற்கும் குதிரைக்கு வேண்டிய அளவே போதும். வயிற்றுக் குட்டி வேகமாக எடை போடுவது கடைசி மூன்று மாதங்களில்தான்.

500 கிலோ எடையுள்ள குதிரையை எடுத்துக்கொள்வோம். சும்மா நிற்கும்போது நாளொன்றுக்கு 20 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 11-ஆம் மாதத்தில் அது 36 கிராம். குட்டி போட்ட முதல் மாதத்தில் 59 கிராம்! அந்த மாதத்தில் அது தினமும் 15 லிட்டருக்கும் மேல் பால் சுரக்கிறது. உடலுக்கு வேண்டிய சக்தியும் சும்மா நிற்கும்போது வேண்டியதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. குட்டி பிறந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று பலர் தீவனத்தைக் குறைப்பது அந்த நேரத்தில்தான் என்று மருத்துவர் வருத்தப்பட்டார். தாய் இளைத்துப்போனால் மறுபடி சினை பிடிப்பதும் கடினம். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கையால் தடவினால் மட்டும் தெரிந்தால் உடல் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

அடுத்து வருவது செம்புச் சத்து. தாய்ப்பாலில் செம்பு மிகக் குறைவு, தாய்க்கு எவ்வளவு கொடுத்தாலும் பாலில் கூடாது. அதனால் இயற்கை ஒரு வழி செய்திருக்கிறது. குட்டி வயிற்றில் இருக்கும்போதே தன் ஈரலில் செம்பைச் சேமித்துக்கொண்டு பிறக்கிறது. கடைசி மாதங்களில் தாய்க்குச் செம்பு கிடைக்காவிட்டால் அந்தச் சேமிப்பு குறைந்துபோகும், குட்டியின் மூட்டுக் குருத்தெலும்பும் பலவீனப்படலாம். நியூசிலாந்தில் 1990-களில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். புல்லை மட்டும் மேய்ந்த தாய்களைவிட, செம்பு சேர்த்துக் கொடுக்கப்பட்ட தாய்களின் குட்டிகளுக்கு மூட்டுக் கோளாறு குறைவாக இருந்தது.

மூட்டையின் பின்பக்கம்

மூட்டையின் முன்பக்கத்தில் துள்ளி ஓடும் குதிரையின் படம் இருக்கும். பின்பக்கத்தில் தைத்திருக்கும் சிறிய சீட்டில்தான் விஷயம் இருக்கிறது. முதலில், யாருக்கான தீவனம் என்று பாருங்கள். பந்தயக் குதிரைக்கானது என்றால் அதில் ஓடுவதற்கான மாவுச்சத்து அதிகம், எலும்பு வளர்வதற்கான தாதுச் சத்து குறைவு. தாய்க்கும் குட்டிக்கும் ஆனது என்றால் புரதம் 14 முதல் 16 விழுக்காடு இருக்கும். வெறும் புரதக் கணக்கோடு நின்றுவிடாமல், லைசின் என்ற சத்தின் அளவு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குட்டி வளர்வதற்கு முதலில் பற்றாக்குறையாவது அந்த லைசின்தான். சோயாப் பிண்ணாக்கில் அது நிறைய உண்டு, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் குறைவு. இரண்டு மூட்டையிலும் 16 விழுக்காடு புரதம் என்று போட்டிருந்தாலும் குட்டிக்கு இரண்டும் ஒன்றல்ல.

அடுத்தது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொடுக்கச் சொல்கிறார்கள் என்பது. பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு மூட்டையில் சுண்ணாம்புச் சத்து 1.2 விழுக்காடு என்றால், ஒரு கிலோ தீவனத்தில் 12 கிராம். மூன்று கிலோ போட்டால் 36 கிராம், 11-ஆம் மாதத்துக்கு வேண்டியது கிடைத்துவிடும். விலை அதிகமாக இருக்கிறதே என்று ஒன்றரைக் கிலோ போட்டு, மீதிக்குத் தவிடு கலந்தால்? 18 கிராம்தான் கிடைக்கும், அதிலும் ஒரு பங்கை ஆக்சலேட் பிடுங்கிக்கொள்ளும். நல்ல மூட்டையை வாங்கியும் பயனில்லாமல் போகும்.

சில குதிரைகள் காற்றைக் குடித்தே கொழுக்கும். அவற்றுக்கு மூன்று கிலோ கொடுத்தால் எடை ஏறிவிடும். அத்தகைய குதிரைகளுக்கென்றே 'பேலன்சர்' என்ற தீவனம் இருக்கிறது. தாதுச் சத்தும் புரதமும் செறிவாக இருப்பதால், நாளுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ போதும். மூட்டை விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். ஒரு நாள் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அவ்வளவு இல்லை.

மைலோ டின் கணக்கையும் விட்டுவிடுங்கள். ஒரு டின் தவிடும் ஒரு டின் பெல்லட்டும் ஒரே எடை இல்லை. மளிகைக் கடைத் தராசில் ஒரே ஒரு முறை நிறுத்துப் பார்த்து, டின்னில் கோடு போட்டு வைத்துக்கொண்டால் போதும்.

மழையும் புழுக்கமும் உள்ள நம் ஊரில் பாகு கலந்த இனிப்புத் தீவனம் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், எறும்பும் மொய்க்கும். பெல்லட் தீவனமே நல்லது என்பது பெரியவரின் அனுபவம். தயாரித்த தேதியைப் பார்த்து, இரண்டு மூன்று வாரத்தில் தீர்கிற அளவு மட்டும் வாங்கி, மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைக்கச் சொன்னார்.

குட்டிக்கு அவசரம் வேண்டாம்

அக்காவின் கதைக்கு இரண்டாம் பாகமும் இருந்தது. குட்டியை ஐந்தாம் மாதத்தில் தாயிடமிருந்து பிரித்தார். தீவனக் கடைக்காரர் ஒருவர், "இதைப் போடுங்கள், சீக்கிரம் பெரிசாகிவிடும்" என்று பந்தயக் குதிரைத் தீவனத்தைக் கொடுத்துவிட்டார். குட்டி பெரிதாகத்தான் ஆனது. ஏழாம் மாதத்தில் முன்னங்கால் முட்டிக்கு மேலும் கணுவிலும் வீக்கம் கண்டது.

இங்கே பெரியவர் குறுக்கிட்டார். "புரதம் அதிகமாகிவிட்டது தம்பி. எங்கள் காலத்தில் குட்டிக்குப் புரதம் கொடுக்கவே பயப்படுவோம்."

மருத்துவர் மரியாதையாகவே மறுத்தார். "அப்படித்தான் ரொம்ப நாள் நம்பினார்கள், ஐயா. ஆராய்ந்து பார்த்ததில் புரதத்தின் மேல் குற்றம் இல்லை. மாவுச்சத்து தேவைக்கு மேல் போய், தாதுச் சத்து அதற்கு ஈடாக இல்லாமல் போவதுதான் காரணம். புரதத்தைக் குறைத்தால் குட்டி வளராமல் நின்றுவிடும்."

பெரியவர் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் நாங்கள் ஓட்ஸைக் குறைத்திருக்க வேண்டும்" என்றார். எனக்கு அவர் மேல் இன்னும் மதிப்புக் கூடியது.

குட்டி ஆறு மாதத்தில் தன் முழு எடையில் ஏறக்குறைய 45 விழுக்காட்டையும், ஒரு வயதில் 65 விழுக்காட்டையும் எட்டிவிடுகிறது. அந்த வளர்ச்சி ஏறி இறங்காமல் சீராக இருக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்திலிருந்தே தாய் நுழைய முடியாதபடி கட்டை கட்டி, குட்டிக்கான தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். மாதத்துக்கு அரைக் கிலோ, அதாவது நான்கு மாதக் குட்டிக்கு இரண்டு கிலோ என்பது தோராயமான உச்ச அளவு. புல் நன்றாக இருந்தால் அதற்கும் குறைவே போதும். பிரிக்கும் நாளில் தீவனம் புதிதாக இருக்கக் கூடாது. தாயைப் பிரிந்த ஏக்கத்தோடு வாய்க்குப் புதிய உணவும் சேர்ந்தால் குட்டி இளைக்கும், பிறகு ஈடுகட்டத் திடீரென்று வளரும். மூட்டுக் கோளாறு அங்கேதான் பிறக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் மருத்துவர் குரலை உயர்த்திச் சொன்னார். கோழித் தீவனத்தையும் மாட்டுத் தீவனத்தையும் குதிரைக்குப் போடவே கூடாது. அவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கலாம். கோழிக்கும் மாட்டுக்கும் அது நல்லது. குதிரைக்கோ உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே இதயத் தசை கெட்டு உயிர் போகலாம். விலை மலிவு என்று ஒரு மூட்டை வாங்கிக் கலப்பவர்கள், கலப்பதற்கு முன் ஒரு கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

அதேபோல், நல்ல தீவனத்தின் மேல் இன்னும் இரண்டு மூன்று டப்பா சத்து மாவைக் கொட்டுவதும் ஆபத்து. செலினியத்தைப் பொறுத்தவரை தேவைக்கும் நஞ்சுக்கும் இடையே தூரம் குறைவு. கடல்பாசித் தூளை அதிகம் போட்டால் அயோடின் மிகுந்து, பிறக்கும் குட்டிக்குத் தொண்டையில் கழலை வரலாம்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு வந்த அழைப்புகளில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி. "கொள்ளு போடலாமா?" என் பழமொழியின் விளைவு! தாராளமாகப் போடலாம் என்கிறார் மருத்துவர், ஆனால் வேக வைத்துத்தான். வேகாத கொள்ளில் புரதத்தைச் செரிக்க விடாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது. கொள்ளில் புரதம் 20 விழுக்காட்டுக்கும் மேல். ஆனால் சினைக் குதிரைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் செம்பும் அதில் போதாது. ஆகவே மூட்டைத் தீவனத்துக்குப் பதிலாக அல்ல, பக்கத்துணையாகத்தான். குதிரை மசால் என்று தமிழில் சொல்கிறோமே, அந்த லூசர்ன் உலர்புல் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் சுண்ணாம்புச் சத்தும் நல்ல புரதமும் சேர்ந்தே வருகின்றன.

அக்காவின் லாயத்தில் இப்போது தவிடு இல்லை. மருத்துவர் சொன்ன அளவில் சுண்ணாம்புத் தூளும் டை-கால்சியம் பாஸ்பேட்டும் தாய்க்குப் போகின்றன. புதிய தீவனத்துக்குப் பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றியிருக்கிறார். நொண்டல் போய்விட்டது, முகத்தின் புடைப்பு கொஞ்சம் தங்கிவிட்டது. குட்டிக்கு இப்போது பதினான்கு மாதம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் அதன் முதுகில் ஆளை ஏற்றுவதற்கு இன்னும் இரண்டு வருடமாவது காத்திருக்கப் போவதாகச் சொன்னார்.