பட்டியலுக்கு வெளியே ஓர் ஒப்பாரி

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தபோது 'எலிஜி' என்றால் என்ன என்றொரு கேள்வி தவறாமல் வரும். மில்டனின் 'லிசிடஸ்', கிரேயின் கல்லறைக் கவிதை, டென்னிசன் என்று வரிசையாய் எழுதிவிட்டால் மார்க் நிச்சயம். அந்தத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் குன்னம் பக்கத்திலிருந்த எங்கள் அப்பாயி செத்துப்போனாள். அத்தைமார்கள் தோளில் கைபோட்டு வட்டமாய் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். பெரிய அத்தை, செத்தவளைப் பாடுகிற சாக்கில், தனக்குச் சீர் செய்யாத அண்ணன்களை (என் அப்பாவையும் சேர்த்துத்தான்) ஊர் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டாள். பேச்சில் கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும். பாட்டு என்பதால் ஆண்கள் பந்தலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் திண்ணையில் 'எலிஜி'யின் இலக்கணத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அன்று தோன்றவேயில்லை. தோன்றாமல் பார்த்துக்கொள்வதுதான் பாடத்திட்டத்தின் வேலை என்று புரிய வருஷங்கள் ஆயின.

செவ்விலக்கியப் பட்டியலைக் காலம் சலித்துக் கொடுத்தது என்பார்கள். காலத்துக்கு ஏது கை? சலித்தவர்கள் மனிதர்கள், அதுவும் அதிகாரத்தில் இருந்தவர்கள். ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக நிலைபெற்றது இங்கிலாந்துக்கு முன்பே இந்தியாவில்தான் என்று கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளிவந்த தம் நூலில் காட்டினார். மத விஷயத்தில் தலையிடுவதில்லை என்று சொல்லிக்கொண்ட கம்பெனி அரசு, பைபிளைக் கொண்டு செய்ய முடியாத ஒழுக்கப் பயிற்சியை இலக்கியத்தைக் கொண்டு செய்தது என்பது அவர் வாதம். ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப்படிப்பானது 1894இல்தான்.

சரி, மேற்கை விட்டு 'நம்முடையதுக்கு'த் திரும்புவோம் என்று உடனே ஒரு குரல் எழும். இங்கேதான் நிதானம் வேண்டும். அந்த 'நம்முடையது' எப்போது கட்டமைக்கப்பட்டது? எங்கள் பகுதியே இதற்குச் சாட்சி. உ.வே. சாமிநாதையர் 1860களில் சிறுவனாகத் தமிழ் படிக்கத் தொடங்கியது இந்த ஊர்களில்தான். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, பெரம்பலூரை ஒட்டிய செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். பாடம் சொல்கிறவர் எங்கே இருக்கிறாரோ அங்கே குடும்பமே இடம்பெயர்ந்தது. படித்தவை சதகங்கள், அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள், காரிகை. பிறகு மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பெரும்பாலும் இவ்வகை நூல்கள்தாம். 1880இல் கும்பகோணத்தில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டபோது, அத்தனை படித்த அந்த மனிதர் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. சிந்தாமணி அச்சேறியது 1887இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல். (ஆக்ஸ்போர்டின் அதே வருஷம், தற்செயல்தான், ஆனாலும் வேடிக்கை.) நாம் காலங்காலமாய்ப் படித்துவந்ததாக நினைக்கும் பட்டியலுக்கு வயது நூற்றைம்பதுகூட ஆகவில்லை. அது உள்ளே வந்தபோது அந்தாதியும் தலபுராணமும் வெளியே தள்ளப்பட்டன. சாமிநாதையரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் அலையாவிட்டால் நமக்கு ஏது? ஆனால் ஓலையில் ஏறியதைத்தானே அவர் தேட முடியும்? ஏறாத அத்தையின் பாட்டு மில்டன் பட்டியலிலும் இல்லை, இந்தப் பட்டியலிலும் இல்லை.

1968 அக்டோபரில் நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கூகி வா தியாங்கோ, ஓவூர் அன்யும்பா, டபான் லோ லியாங் மூவரும் ஆங்கிலத் துறையை ஒழிக்கச் சொல்லி ஒரு குறிப்பு எழுதினார்கள். இதை வெறும் ஆங்கில எதிர்ப்பாகப் புரிந்துகொண்டவர்கள் உண்டு. அவர்கள் ஐரோப்பாவைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவை மையத்தில் வைத்து மற்றதை அதற்கு எட்ட இருந்து பார்க்கச் சொன்னார்கள். அந்த மையத்துக்குள் வாய்மொழி மரபுக்கு முதன்மையான இடம் கேட்டார்கள். நமக்கு உறைக்க வேண்டியது இதுதான். லத்தீன் அமெரிக்காவை நாம் விழுந்து விழுந்து வாசித்தோம். ஆனால் ஆங்கிலம் வழியாக, 1982இல் மார்க்வெஸுக்கு நோபல் கிடைத்த பிறகு, 'மாய யதார்த்தம்' என்ற உத்தியாக. சான்றிதழ் அங்கிருந்துதான் வந்தது.

குடியானவர்களும் தொழிலாளர்களும் கிக்கூயூ மொழியில் நடித்த நாடகத்துக்காகக் கூகி 1977 கடைசியில் கைதானார். சிறையில் கழிப்பறைத் தாளில் எழுதிய நாவல் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று அமரந்த்தா, சிங்கராயர் மொழிபெயர்ப்பில் நமக்கு வந்தது. கதையைச் சொல்பவன் ஒரு பாடகன். மகளுக்கு நேர்ந்ததைச் சொல்லச் சொல்லி ஒரு தாய் அவனிடம் அழுது கேட்கிறாள். அந்தப் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். பந்தலில் கேட்ட குரல் கென்யா வழியாய்த் திரும்பி வந்திருந்தது.

டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அத்தை மோட்டுவளையைப் பார்த்தபடி வெற்றிலை மென்றாள்.

"சாவு விழாம ஒப்பாரி வெக்கக் கூடாதுடா தம்பி."

சரி அத்தை, சொல்லவாவது சொல்லுங்க, எழுதிக்கிறேன் என்றேன்.

"நீ எழுதிக்கிட்டா, எனக்குச் சேர வேண்டியத உங்கப்பாரு குடுத்துருவாரா?"