கோதுமை ஆகாத குடல்

இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் போட்டாயிற்று. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஆட்டு ஈரல் எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. ஆனாலும் ஹீமோகுளோபின் ஏற மறுக்கிறது. கூடப் படிக்கிற பிள்ளைகளெல்லாம் மளமளவென்று வளர, இந்தச் சிறுமி மட்டும் பள்ளி வரிசையில் இன்னும் முன்னாலேயே நிற்கிறாள். கை கால் மெலிந்து, வயிறு மட்டும் உப்பலாக இருக்கிறது. 'நம்ம வம்சமே குள்ளம்தானே', 'ஒழுங்கா சாப்பிட்டாத்தானே' என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

இப்படிப்பட்ட குழந்தைகளில் சிலருக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இவர்களின் குடலுக்கு ஆகாது. பஞ்சாபிலோ டெல்லியிலோ இப்படி ஒரு பிள்ளையைப் பார்க்கும் மருத்துவருக்கு இந்நோய் சட்டென்று நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மற்ற எல்லாவற்றையும் தேடி முடித்த பிறகுதான் வருகிறது.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2016-இல் வெளியாயின. வடக்கில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. தெற்கில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரில் ஒருவருக்குத்தான். நோய்க்கு வழிவிடும் மரபணு நமக்கு இல்லையோ என்றால், அதுவும் இருக்கிறது. எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 எனப்படும் அந்த மரபணு வகைகள் தெற்கிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் காணப்பட்டன. பெரிய வேறுபாடு சாப்பாட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம்.

கோதுமையின் அளவு ஒன்றுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை. ஆனால் நம் வீட்டு இரவுச் சாப்பாட்டைப் பார்த்தால் கவலை வருகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை வந்தால் மறுநாளே ராத்திரிக்குச் சப்பாத்தி. ஒருவருக்காகத் தேய்க்கத் தொடங்கிய சப்பாத்தி கொஞ்ச நாளில் வீட்டுக்கே டிபனாகிவிடுகிறது. டீயோடு பிஸ்கட், பள்ளிக்கு நூடுல்ஸ், வெளியே போனால் பரோட்டா. சோற்றை மட்டும் நம்பியிருந்த காலத்தில் மறைந்தே கிடந்திருக்கக்கூடிய நோய் இனி வெளியே தலைகாட்டலாம். அதைப் பார்த்தவுடன் அடையாளம் காண நம் ஊர் மருத்துவமனைகள் தயாராக இருக்க வேண்டும்.

உடலுக்குள் நடப்பது இதுதான். குளூட்டனை நம் செரிமான நீர்களால் முழுமையாக உடைக்க முடிவதில்லை. உடையாமல் எஞ்சிய துணுக்குகள் குடல் சுவருக்குள் நுழைகின்றன. அங்கே ஒரு நொதி அவற்றைச் சற்றே மாற்றுகிறது. மேற்சொன்ன மரபணு உள்ளவர்களில் சிலரின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்தத் துணுக்குகளை எதிரி என்று எடுத்துக்கொண்டு, அவர்களின் குடலையே தாக்கத் தொடங்குகின்றன. சிறுகுடலின் உட்சுவர் பூந்துவாலை மாதிரி இருக்கும். சத்தை உறிஞ்சுபவை அதன் நுண்விரல்கள். தாக்குதலில் அவை தேய்ந்து மழுங்கிப்போகின்றன. அதன் பிறகு ஈரல் கொடுத்தாலும் மாத்திரை கொடுத்தாலும் இரும்பு உள்ளே சேராது. கால்சியமும் சேராது, எலும்பு பலமிழக்கும். வயிற்றுப்போக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பெரியவர்களில் பலருக்கு ரத்தசோகையும் தீராத அசதியும்தான் அடையாளம். கருத்தரிப்பதில் சிக்கல், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, முழங்கையிலும் முழங்காலிலும் அரிக்கும் கொப்புளங்கள் என்றும் இது முகம் காட்டும். ஆகவே இது உணவு ஒவ்வாமையும் அல்ல, உடல் இளைக்க விரும்புகிறவர்கள் கோதுமையை ஒதுக்கும் பழக்கமும் அல்ல. வாழ்நாள் முழுக்கத் தொடரும் தன்னெதிர்ப்பு நோய்.

கோதுமைதான் குற்றவாளி என்று கண்டறிய மருத்துவ உலகத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. லண்டனில் சாமுவேல் கீ 1888-லேயே இந்நோயைத் தெளிவாக விவரித்து, குணமாக வழியிருந்தால் அது உணவின் வழியாகத்தான் என்றும் ஊகித்தார். எந்த உணவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. 1924-இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தை மையமாக வைத்து ஒரு பத்திய முறையைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தேறினார்கள். வாழைப்பழத்துக்குத்தான் அந்தப் புகழ் போனது. ரொட்டியை நிறுத்தியதே அவர்களைக் காப்பாற்றியது என்பதை யாரும் கவனிக்கவில்லை. 'குணமாகிவிட்டது' என்று மறுபடியும் ரொட்டிக்குத் திரும்பிய பிள்ளைகளின் குடல் பின்னாளில் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைக்கையில் மனம் கனக்கிறது.

விடை கண்டவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கே. 1930-களிலேயே அவருக்குக் கோதுமைமேல் சந்தேகம் விழுந்து, அதை விலக்கிய உணவைச் சோதிக்கத் தொடங்கியிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் மேற்கு நெதர்லாந்தில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் மக்கள் துலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். ஊரே மெலிந்த அந்தக் காலத்தில் சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள் என்பதும், ரொட்டி திரும்பியதும் மீண்டும் நோயில் விழுந்தார்கள் என்பதும் அவருடைய சந்தேகத்துக்கு வலுச் சேர்த்தன. 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேடுதான் இன்றைய சிகிச்சைக்கு அடித்தளம். அன்றிலிருந்து இன்றுவரை சிகிச்சை மாறவில்லை. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. குளூட்டனை அடியோடு விட வேண்டும், ஆயுள் முழுக்க விட வேண்டும். விட்டால் குடல் தானாகவே ஆறுகிறது. பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் முகத்தில் தெளிச்சி வந்துவிடும். பெரியவர்களுக்கு உட்சுவர் முழுதாக ஆற ஆண்டுகள்கூட ஆகலாம்.

'நமக்கென்ன, இட்லி தோசை சாப்பிடுகிற ஊர்தானே' என்றால், பெருமளவுக்கு உண்மைதான். அரிசி, உளுந்து, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் குளூட்டன் கிடையாது. பொங்கல், இடியாப்பம், ஆப்பம், அடை, கூழ், களி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். பஞ்சாபில் ஒரு தாய் இந்த நோய்க்காக அடுப்படியையே மாற்றியமைக்க வேண்டியிருக்கும். மதுரைத் தாய்க்கு அந்தப் பாடு பாதிதான். ஆனால் மீதிப் பாதி, கண்ணுக்குத் தெரியாத இடங்களில் ஒளிந்திருக்கிறது.

முதலாவது பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம் முழுக்கப் பெருங்காயப் பிசின் அல்ல. வேலம்பிசினும் மாவும் சேர்த்துத்தான் அதைக் கட்டியாகவோ தூளாகவோ செய்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் தெரியும். தாளிப்பில் போடுவது ஒரு சிட்டிகைதான். ஆனால் சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் என்று அந்தச் சிட்டிகை நாள் முழுக்கத் துரத்துகிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது. கிடைக்காத ஊரில் அதை விட்டுவிட்டுப் பூண்டை நசுக்கிப் போட்டுக்கொள்ளலாம்.

சேமியாவும் ரவையும் கோதுமைதான். இது பல வீடுகளில் தெரியாது. கோதுமையை நிறுத்தச் சொன்ன பிறகும் பிள்ளைக்கு ரவை உப்புமா கிண்டிக் கொடுப்பவர்கள் உண்டு. ஹார்லிக்ஸ், பூஸ்ட் போன்ற மால்ட் பானங்களில் இருப்பது பார்லி. கோபி மஞ்சூரியனில் மைதாவும் உண்டு, கோதுமை கலந்த சோயா சாஸும் உண்டு. இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது சத்துமாவு. எடை குறைந்த பிள்ளைக்கு அங்கன்வாடியில் அக்கறையோடு கொடுக்கிற அந்த மாவில் கோதுமையும் சேர்கிறது. மற்ற பிள்ளைகளுக்கு அது நல்ல உணவுதான். சீலியாக் பிள்ளைக்கோ எடையைக் குறைத்ததே அந்தக் கோதுமைதான்.

அடுத்தது மாவு மில். வீட்டிலேயே கழுவி, காயவைத்து எடுத்துப்போன அரிசியை மில்லில் கொடுக்கிறோம். நமக்கு முன்னால் நிற்பவரின் டின்னில் கோதுமை. அரைத்து முடிந்ததும் மில்காரர் குழாயை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, நம் அரிசியைக் கொட்டுவார். முதலில் விழும் மாவில் முந்தையவரின் கோதுமையும் கலந்திருக்கும். மில்காரரைக் குறை சொல்ல முடியாது, எந்திரத்தின் அமைப்பு அப்படி. ஆகவே இந்தக் குடும்பங்கள் அரிசிக்கென்றே தனி எந்திரம் வைத்திருக்கும் மில்லைத் தேட வேண்டும், அல்லது வீட்டிலேயே மிக்ஸியில் திரித்துச் சலித்துக்கொள்ள வேண்டும். கடையில் விற்கும் கேழ்வரகு மாவுக்கும் கம்பு மாவுக்கும் இதே கதைதான். தானியம் சுத்தம், வந்த வழி சுத்தமில்லை.

இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்கத் தோன்றும். இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வில் நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன், மூன்று மாதம் தொடர்ந்து உள்ளே போனதிலேயே குடல் பாதிக்கப்பட்டது தெரியவந்தது. ஒரு ரொட்டித் துண்டில் இருப்பது ஏறத்தாழ 2 கிராம். அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது கையில் ஒட்டிய பொடிப்பொடித் துகள்கள். இந்தியச் சட்டப்படி ஒரு பொட்டலத்தில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட வேண்டுமானால், ஒரு கிலோவில் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை வார்ப்பதும், பூரி பொரித்த எண்ணெயில் வடை போடுவதும் கூடாது என்று சொல்வது இதனால்தான். தோசைக்கல், சல்லடை, மரக்கரண்டி இவற்றைத் தனியாக வைத்துக்கொண்டால் போதும். வீடு முழுக்கக் கோதுமையை விரட்ட வேண்டியதில்லை.

வீட்டுக்கு வெளியேதான் நிஜமான சோதனை. கல்யாணப் பந்தியில் கேசரி ரவை, போளி மைதா, சாம்பாரில் பெருங்காயம். சோறு, நெய், தயிர், வாழைப்பழம் என்று அந்தப் பிள்ளை சாப்பிட்டு எழுந்தால், 'ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும் கண்ணு' என்று பக்கத்து இலைப் பாட்டி பாசத்தோடு கேசரியை நீட்டுவார். சாப்பிட்டால் அன்றைக்கு ஒன்றும் ஆகாமல்கூடப் போகலாம். வயிறு வலிக்கவில்லை என்பதற்காகக் குடல் காயப்படவில்லை என்று ஆகாது. வேண்டாம் என்று சொல்கிற பிள்ளையைச் சுற்றியிருப்பவர்கள் மறுபடி வற்புறுத்தாமல் இருந்தாலே அது பெரிய உதவி. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. நற்கருணை அப்பம் கோதுமையால்தான் செய்யப்பட வேண்டும் என்பது திருச்சபை விதி. குளூட்டன் மிகக் குறைவான அப்பத்துக்கு அனுமதி உண்டு, முற்றிலும் இல்லாததற்கு இல்லை என்று வத்திக்கான் 2017-இல் மீண்டும் தெளிவுபடுத்தியது. திராட்சை இரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளவும் வழி இருப்பதால், பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டுக்குப் போனால் இடியாப்பத்தையும் பிட்டையும்கூடக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். அங்கே அவித்த கோதுமை மாவிலும் அவற்றைச் செய்வார்கள்.

சந்தேகம் வந்தவர்கள் தயவுசெய்து ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பரிசோதனைக்கு முன்னால் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனையும், எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலில் எடுக்கும் துளித் திசுவும்தான் நோயைச் சொல்லும். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இவை சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இல்லை என்று முடிவு வரலாம். பிறகு நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே ஆயுள் பத்தியம் இருக்க நேரும். வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்கும் இந்தப் பரிசோதனை தேவை.

அரசு செய்யக்கூடியதும் இருக்கிறது. இத்தாலியில் சீலியாக் நோயாளிகளுக்கு மாதந்தோறும் உணவுக்கென்று உதவித்தொகை தருகிறார்கள். நம்மிடம் ரேஷன் கடையில் அரிசி ஏற்கெனவே கிடைக்கிறது. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 முதல் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகும் தரத் தொடங்கினார்கள். நோய் உறுதியான குடும்ப அட்டைகளுக்கு எல்லா மாவட்டங்களிலும் அந்தக் கேழ்வரகைத் தரலாம். அங்கன்வாடிப் பதிவேட்டில் இந்தப் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு எழுதி, கோதுமை படாத எந்திரத்தில் அரைத்த கேழ்வரகும் பொட்டுக்கடலையும் வெல்லமும் சேர்ந்த சத்துமாவைத் தனிப் பொட்டலமாகக் கொடுக்கலாம். தெற்கில் இவர்கள் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவர்தான் என்பதால் அரசுக்குச் செலவும் பெரிதாக வராது.