‘ரவுடி ஏரியா’ பயம் சரி... காற்றை விசாரித்தீர்களா? வட சென்னையில் வீடு வாங்கும் முன்...

“வட சென்னையிலயா வீடு பாக்குற? வேற ஏரியாவே கிடைக்கலையா?”

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஃபிளாட் பார்ப்பதாக ஆபீஸில் சொன்னால், முதலில் வரும் பதில் அநேகமாக இதுதான். கேட்பவர் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி ஒருமுறைகூடப் போயிருக்க மாட்டார். ஆனாலும் அவர் மனசில் ஒரு படம் ஓடும். பெரும்பாலும் அது நிஜமாகவே சினிமாப் படம்தான். ‘மெட்ராஸ்’ (2014), ‘வட சென்னை’ (2018) என்று தியேட்டரில் பார்த்த சந்துகளை வைத்தே பலரும் இந்த ஏரியாவுக்கு மார்க் போடுகிறார்கள்.

இந்த மார்க்கால் இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு நஷ்டம் அதிகம். வரன் பார்க்கும்போது, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரி சொல்லத் தயங்குபவர்கள் இன்றும் உண்டு. வாங்க வருபவருக்கும் நஷ்டம் உண்டு, வேறு விதத்தில். தப்பான விஷயத்துக்குப் பயந்துகொண்டு, பயப்பட வேண்டியதை விசாரிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் திடீரென்று கண் எரிச்சல், மூச்சுத் திணறல். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். கப்பலில் வரும் அமோனியாவை கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு மூன்று வாரம் முன்புதான், மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி சிபிசிஎல் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. தண்ணீர் வடிந்தபின் எர்ணாவூர் பக்கம் வீட்டுச் சுவர்களில் கருப்பாக எண்ணெய்த் தடம் நின்றது. இந்த இரண்டிலும் எந்த ரவுடிக்கும் சம்பந்தமில்லை.

சரி, குற்றம் என்ற பயம் முழுக்கப் பொய்யா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. சிக்கல், அதை அளக்கும் வழியில் இருக்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் ஆண்டறிக்கையில் சென்னை மாநகரம் முழுமைக்கும் எண்ணிக்கை இருக்கும். தண்டையார்பேட்டைக்கு எவ்வளவு, அடையாறுக்கு எவ்வளவு என்று இருக்காது. அந்தக் காலி இடத்தைத்தான் சினிமாவும் வதந்தியும் நிரப்புகின்றன. எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது (பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு). தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் அந்த வசதி இருக்கிறது. ஆனால் ஒரு தெரு எப்படி என்று அதை வைத்து முடிவு செய்வது கஷ்டம்.

அதைவிட, மெட்ரோவில் இறங்கி வீட்டுக்கு நடந்து பாருங்கள், ராத்திரி பத்தரை மணிக்கு. 2021 பிப்ரவரி 14 முதல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ரயில் ஓடுகிறது. ஸ்டேஷனிலிருந்து வீடு வரை விளக்கு எரிகிறதா, டிபன் கடை திறந்திருக்கிறதா, வேலை முடிந்து பெண்கள் தனியாக நடந்து போகிறார்களா? இட்லிக் கடையில், “அக்கா, இந்தத் தெரு எப்படி?” என்று பொதுவாகக் கேட்டால் “நல்ல தெருதான்பா” என்றுதான் வரும். “ராத்திரி லேட்டா வந்தா உங்க பொண்ணு தனியா நடந்து வருமா, யாராவது போய்க் கூட்டிட்டு வருவீங்களா?” என்று கேட்டால் உண்மை வெளியே வரும். வட சென்னையின் பல தெருக்களில் வாசலில் உட்கார்ந்து பேசும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆளே தென்படாத கேட்டட் கம்யூனிட்டி வாசலைவிட அது பாதுகாப்பாகவும் இருக்கலாம்.

ஒரே ‘வட சென்னை’ கிடையாது

ராயபுரத்தையும் எண்ணூரையும் ஒரே பெயரில் அடக்குவதுதான் பெரிய தப்பு. ராயபுரம் பழைய ஊர். 1856-ல் திறந்த ரயில் நிலையம் இன்னும் நிற்கிறது. அங்கே பார்க்க வேண்டியது கடலையும் லாரியையும். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின், தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே கடல் நிலத்தைத் தின்ன ஆரம்பித்தது. எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் நீளமாகக் கிடக்கும் கருங்கற்கள் அதற்குச் சாட்சி. அதே சாலையில்தான் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளும். பைக்கில் வேலைக்குப் போகிறவருக்கு அன்றாட ஆபத்து அதுதான்.

தண்டையார்பேட்டையில் தண்ணீரைப் பாருங்கள். பூமிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாய் கசிந்து நிலத்தடி நீரில் கலந்த விவகாரம் 2013-ல் வெடித்து, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. போர் தண்ணீரை பாட்டிலில் பிடித்து லேபில் கொடுக்க ஆகும் செலவு, முன்பணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

திருவொற்றியூரில் விஷயம் காற்று. புரோக்கர்கள் பெரும்பாலும் பகலில்தான் வீடு காட்டுவார்கள். பகல் ஏற ஏற கடற்காற்று அடிக்கும். காற்று சுத்தமாகத்தான் தோன்றும். ராத்திரி காற்று திரும்பி நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும்போது, மேற்கே என்ன இருக்கிறது? மணலி. சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, ரசாயன ஆலைகள். அதனால் விடிகாலை நாலரை மணிக்கு ஒருமுறை போய் நின்று மூச்சு இழுத்துப் பாருங்கள். மணலி, ராயபுரம், கொடுங்கையூர் கண்காணிப்பு நிலையங்களின் அளவுகளை ‘சமீர்’ ஆப்பில் பார்க்கலாம். ஆனால் காற்றுத் தரக் குறியீட்டில் நுண்துகள், அமோனியா உட்பட எட்டு மாசுகளுக்குத்தான் கணக்கு. அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு அதில் வராது. ஆப் பச்சை காட்டலாம், மூக்கு வேறு சொல்லலாம்.

எண்ணூர், எர்ணாவூர் பக்கம் போனால் இதோடு வெள்ளமும், அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்துகொள்ளும்.

காகிதத்தில் என்ன பார்க்க வேண்டும்?

வில்லங்கச் சான்றும் பட்டாவும் எல்லோரும் பார்ப்பதுதான். இங்கே கூடுதலாக ஒன்று: சர்வே எண்ணை வைத்து சிஎம்டிஏவில் நிலப் பயன்பாட்டைப் பாருங்கள். உங்கள் மனை குடியிருப்பு என்று இருந்தால் மட்டும் போதாது. பக்கத்து நிலம் ‘சிறப்பு மற்றும் அபாயகரத் தொழில்’ வகையா என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அபாயகர ரசாயனங்களுக்கான 1989-ம் ஆண்டு விதிகளின்படி, பெரும் விபத்து நேரக்கூடிய ஆலை, பாதிக்கப்படக்கூடிய சுற்றுவட்டார மக்களுக்கு ஆபத்து என்ன, அப்போது என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அதனால் பக்கத்து வீட்டில் கேளுங்கள்: “அண்ணே, கேஸ் லீக்குனு சைரன் அடிச்சா எந்தப் பக்கம் ஓடணும்?” யாரும் எதுவும் சொன்னதில்லை என்று அவர் சிரித்தால், அந்தச் சிரிப்பையும் விலையில் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

விற்பவரிடம் கேட்க இரண்டே கேள்வி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் எந்த உயரம் வந்தது, சுவரில் காட்டச் சொல்லுங்கள். அமோனியா கசிந்த ராத்திரி அவர்கள் எங்கே இருந்தார்கள் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அவசரப்பட வேண்டாம். அதே தெருவில் 11 மாத வாடகை ஒப்பந்தம் போடுங்கள், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம் முழுக்க அதற்குள் வருகிற மாதிரி.