வாடகை 12 ஆயிரம். கையை விட்டுப் போவது 16 ஆயிரத்து 760!
வீடு தேடுவோர் போட வேண்டிய கணக்கு

சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். கணவனும் மனைவியும் ஸ்கூட்டரில் கிளம்பி விடுகிறார்கள். "டு லெட்" போர்டைத் தேடித் தெருத்தெருவாகச் சுற்றுகிறார்கள்.

கடைசியில் ஒரு வீடு பிடித்து விடுகிறது. வீட்டுக்கார அம்மா சொல்கிறார்:

"வாடகை பன்னண்டாயிரம் சார். அட்வான்ஸ் பத்து மாசம். மெயின்டெனன்ஸ் ஆயிரம். கரண்ட் யூனிட்டுக்கு எட்டு ரூபா. தண்ணிப் பிரச்சினையே கிடையாது!"

"பன்னண்டுதானே, சமாளிச்சுடலாம்" என்கிறார் கணவர். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். பாலும் காய்ச்சியாகி விடுகிறது.

மூன்றாவது மாதமே கையைக் கடிக்கிறது! எங்கே தப்பு?

வட்டியும் வாடகைதான்

பத்து மாத அட்வான்ஸ் என்றால் 1 லட்சத்து 20 ஆயிரம். அதை 2 வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால், மாதம் 2 ஆயிரத்து 400 ரூபாய் வட்டி. வீட்டுக்காரருக்குப் போகாவிட்டாலும் இதுவும் வாடகைதான்!

கூட்டிப் பாருங்கள்.

வாடகை ரூ.12,000
மெயின்டெனன்ஸ் ரூ.1,000
கரண்ட் 120 யூனிட் ரூ.960
குடிக்க 10 கேன் தண்ணீர் ரூ.400
அட்வான்ஸ் வட்டி ரூ.2,400

ஆக மொத்தம் ரூ.16,760.

கையில் எவ்வளவு மிஞ்சும்?

சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வாடகைக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. பிடித்தம் போகக் கைக்கு வரும் பணத்தில் இருந்து, தள்ளிப்போட முடியாத செலவை முதலில் கழிக்க வேண்டும்.

கைக்கு 40 ஆயிரம் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். மளிகை, பால், காய்கறி, கேஸ் 12 ஆயிரம். பிள்ளைகள் படிப்பு 4 ஆயிரம். போக்குவரத்து 3 ஆயிரம். சீட்டு, இன்சூரன்ஸ் 3 ஆயிரம். போன், மருந்து, மொய் 2 ஆயிரத்து 500. இதெல்லாம் போக மிஞ்சுவது 15 ஆயிரத்து 500.

ஆகவே மாதா மாதம் 1,260 ரூபாய் துண்டு விழும். அக்ரிமெண்ட் முடியும் 11 மாதத்தில் 13 ஆயிரத்து 860 ரூபாய் கடன்! அதன் பிறகு வாடகையும் ஏறும்.

வாடகை குறைவு என்று கூடுவாஞ்சேரி பக்கம் போகிறவர்களும் கணக்குப் போட வேண்டும். சீசன் டிக்கெட் மலிவுதான். ஆனால் ஸ்டேஷனில் இருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் ஒரு தடவைக்கு 20 ரூபாய் ஆனால், போக வர 25 நாளைக்கு ஒரு ஆளுக்கு ஆயிரம் ரூபாய்!

பேச வேண்டியது அட்வான்சை!

எல்லாரும் வாடகையில் 500 ரூபாய் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். பேரம் பேச வேண்டியது அட்வான்சைத்தான்.

2019-ம் ஆண்டு அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு அதிகமாக எழுதிக் கொண்டால் அதற்கும் இடம் உண்டு. எனவே கையெழுத்துப் போடும் முன்பே பேசிவிட வேண்டும்.

அதே வீட்டுக்கு 3 மாத அட்வான்ஸ் என்றால் 36 ஆயிரம்தான். வட்டி 720. மொத்தச் செலவு 15 ஆயிரத்து 80 ரூபாய். துண்டு விழாது. 420 ரூபாய் கையிலும் நிற்கும்!

வீட்டுக்காரர் பத்து மாதத்தில் இருந்து இறங்கவே இல்லையா? அப்படியானால் இந்தக் குடும்பம் 10 ஆயிரத்து 900 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுக்கக் கூடாது.

இன்னொன்று. காலி செய்யும்போது "பெயிண்ட் அடிக்கணும்" என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். அதையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு அட்வான்சைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகிறீர்களா? சனிக்கிழமை ராத்திரியே பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்து விடுங்கள்!